வின்ஸ் லொம்பார்டி

வின்ஸ் லொம்பார்டி (ஜூன் 11, 1913 - செப்டம்பர் 3, 1970) அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் புகழ்பெற்ற பயிற்றுனர்களுள் ஒருவர். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் இவ்விளையாட்டு, உலகெங்கும் காலால் உதைத்து ஆடப்படும் காற்பந்தாட்டத்தினின்றும் வேறானது. இவர் 1959 முதல் 1967 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுனராக இருந்தார். அக்காலத்தில் அவ்வணி தேசியக் காற்பந்துக் கூட்டிணைவின் (என்.எஃப்.எல்.) பட்டத்தை ஐந்து முறையும், முதலிரு சூப்பர் போல் போட்டிகளையும் வென்றது.

இளமையும் தொடக்கப் பணிகளும்

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். போர்டாம் பல்கலைக்கழகத்தில் "ஏழு கருங்கற்பாறைகள்" எனப் புகழப்பட்ட முன்வரிசையில் ஆடினார். 1939 இல் நியூ செர்சியின் செயின்ட் செசிலியா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இலத்தீனும் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தவாறே பயிற்றுனராகவும் பணியாற்றினார். பின்னர் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் ரெட் பிளேக்கிடமும், 1954 முதல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியிலும் துணைப் பயிற்றுனராக இருந்தார். தொழில்முறை அணியொன்றின் தலைமைப் பொறுப்பு 45ஆம் அகவையிலேயே இவருக்குக் கிட்டியது.

கிரீன் பே அணியில்

1958 இல் 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றிருந்த பேக்கர்ஸ், இவருடைய முதற் பருவத்தில் ஏழு ஆட்டங்களில் வென்றது. 1960 இறுதியாட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியிடம் 17-13 எனத் தோற்றது. பட்டத்துக்கான சுற்றுகளில் லொம்பார்டி கண்ட ஒரே தோல்வி இதுவாகும். 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய பருவங்களில் பேக்கர்ஸ் பட்டம் வென்றது.

பல தந்திரங்களைவிடச் சில உத்திகளைப் பிழையின்றிச் செய்வதையே இவர் வலியுறுத்தினார். பந்தை ஏந்தியவர் பக்கவாட்டில் ஓட, முன்வரிசைக் காவலர் இருவர் தம் இடம் விட்டு முன்னோடி எதிரணியினரைத் தடுத்து வழியமைப்பது இவருடைய முதன்மை உத்தி. அது வருமென அறிந்திருந்தும் எதிரணிகளால் எளிதில் தடுக்க இயலவில்லை.

1967 டிசம்பர் 31 அன்று, ஏறத்தாழ -25 பாகை செல்சியஸ் குளிரில், டல்லஸ் கவ்பாய்சுக்கு எதிரான ஆட்டத்தில் பேக்கர்ஸ் 17-14 எனப் பின்தங்கியிருந்தது. பந்தை உதைத்துச் சமன் செய்ய வாய்ப்பிருந்தும், சில நொடிகளே எஞ்சிய நிலையில் லொம்பார்டி வெற்றிக்கே முயன்றார். பார்ட் ஸ்டார் பந்துடன் எல்லைக்கோட்டைக் கடக்க, அணி 21-17 என வென்றது.

நிறவேற்றுமைக்கு எதிர்ப்பு

இத்தாலிய வம்சாவளியினர் என்பதால் தாமே வேற்றுமைக்கு உள்ளான லொம்பார்டி, அணிக்குள் நிறவேற்றுமையை அனுமதிக்கவில்லை. கறுப்பின வீரர்களைச் சமமாக நடத்தாத உள்ளூர் உணவகங்களுக்கும் மதுவகங்களுக்கும் அணியினர் எவரும் செல்லமாட்டார் என அறிவித்தார்.

இறுதிக்காலம்

1969 இல் வாசிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணியின் பயிற்றுனரானார். 1955 க்குப் பின் முதன்முறையாக அவ்வணி தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெற்றது. அடுத்த பருவம் தொடங்குமுன் பெருங்குடற் புற்றுநோயால் காலமானார். தலைமைப் பயிற்றுனராகப் பணியாற்றிய பத்துப் பருவங்களில் ஒன்றிலேனும் இவருடைய அணிக்குத் தோல்விகள் மிகுந்ததில்லை. சூப்பர் போல் வெற்றிக்கோப்பைக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 1971 இல் தொழில்முறைக் காற்பந்தாட்டப் புகழவையில் சேர்க்கப்பட்டார்.