அளந்து கொடுக்கும் உப்பு: லித்தியச் சிகிச்சையின் வரலாறு

மிகை மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கு இன்று தரப்படும் மருந்துகளில் மிகப் பழையது லித்தியம். பெரும்பாலும் லித்தியம் கார்பனேட் என்னும் உப்பாக, மாத்திரை வடிவில் கிடைக்கிறது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இதில் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாக அது மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தலைகாட்டும். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த அளவைக் கண்டறியக் கற்றுக்கொண்ட பிறகுதான் லித்தியம் நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்தானது.

லித்தியம் என்னும் தனிமத்தை 1817-இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன், ஊட்டோ தீவுச் சுரங்கத்துக் கனிமம் ஒன்றில் கண்டறிந்தார். அதன் உப்புகள் யூரிக் அமிலப் படிவுகளைக் கரைக்கும் என்பது 1840-களில் தெரியவந்தது. கவுட் என்னும் மூட்டுநோய்க்குக் காரணம் யூரிக் அமிலமே என்று காட்டிய லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட், 1859-இல் வெளியான நூலில் அந்நோய்க்கு லித்தியத்தைப் பரிந்துரைத்தார். மனநோய்க்கு அதைப் பயன்படுத்தும் முயற்சிகளும் விரைவிலேயே தொடங்கின. 1871-இல் நியூயார்க்கில் வில்லியம் ஹாமண்ட் மேனியா எனப்படும் மிகை மனவெழுச்சிக்கு லித்தியம் புரோமைடு கொடுத்தார். 1886-இல் டென்மார்க்கின் கார்ல் லாங்கே, விட்டுவிட்டு வரும் மனச்சோர்வுக்கு லித்தியம் தருவது பற்றி எழுதினார். எவ்வளவு கொடுப்பது, எதைக் கொண்டு சரிபார்ப்பது என்பதற்கு அப்போது வழியில்லை. முயற்சிகள் மறக்கப்பட்டன.

மருத்துவர்கள் மறந்தாலும் கடைவீதி மறக்கவில்லை. லித்தியம் கலந்த ஊற்றுநீர் அமெரிக்காவில் உடலுக்கு நல்லது என்று விற்பனையானது. 1929-இல் அறிமுகமாகிப் பின்னர் செவன் அப் எனப் பெயர்பெற்ற எலுமிச்சைப் பானத்திலும் 1948 வரை லித்தியம் சிட்ரேட் இருந்தது. இவற்றில் அளவு மிகக் குறைவு என்பதால் பெரிய தீங்கு நேரவில்லை. 1940-களின் இறுதியில் நிலைமை மாறியது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதயநோயாளிகளுக்கும் இரத்த அழுத்த நோயாளிகளுக்கும், சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு சந்தைக்கு வந்தது. அவர்கள் அதை அளவு பாராமல் சோற்றிலும் குழம்பிலும் தூவுவது போலத் தங்கள் உணவில் தூவிக்கொண்டார்கள். பலர் நஞ்சேறிப் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். 1949-இல் அது விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. லித்தியம் என்ற பெயரே அமெரிக்க மருத்துவர்களுக்கு அச்சமூட்டுவதாயிற்று.

அதே 1949-இல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. மெல்போர்ன் அருகே பண்டூரா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர். உடலில் சேரும் ஏதோ ஒரு நச்சுப்பொருளே மேனியாவுக்குக் காரணம் என்று அவர் கருதினார். மருத்துவமனையில் பயன்படாமல் கிடந்த சமையலறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தின் பங்கைச் சோதிக்க, அதைக் கரைப்பதற்காகவே அவர் லித்தியத்தைச் சேர்த்தார். ஆனால் லித்தியம் செலுத்தப்பட்ட விலங்குகள் துள்ளல் அடங்கிச் சாதுவாகக் கிடந்தன. அவற்றைச் சாதுவாக்கியது லேசான நச்சேற்றமாகவே இருக்கலாம் என்று பிற்காலத்தவர் கருதினர். கேட் முதலில் தானே அதை உட்கொண்டு பார்த்தார். பிறகு மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்தார்.

அவர்களுள் முதலாமவர், ஐந்து ஆண்டுகளாக நோய் தணியாமல், வார்டிலேயே மிகவும் தொல்லை தருபவர் என்று பெயரெடுத்த 51 வயதுக்காரர். 1948 மார்ச் இறுதியில் அவருக்கு லித்தியம் தொடங்கப்பட்டது. சில வாரங்களில் தெளிந்தார். ஜூலையில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்தார். பிறகு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டார், நோய் திரும்பியது. மீண்டும் சிகிச்சை பெற்ற அவர், 1950-இல் லித்திய நஞ்சேற்றத்தால் இறந்தார். இந்த மருந்தின் பலனையும் ஆபத்தையும் ஒரே நோயாளி காட்டிவிட்டார். கேட் சில காலம் லித்தியத்தைக் கைவிட்டார்.

தீர்வும் மெல்போர்னிலேயே பிறந்தது. லித்தியம் சுடரில் பட்டால் செந்நிற ஒளி தரும். இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்னும் திரவத்தை நீர்க்கச் செய்து சுடரில் தெளித்து, எழும் ஒளியின் வலுவைக் கொண்டு அதில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று சொல்லும் கருவியே ஃபிளேம் போட்டோமீட்டர். சார்லஸ் நோவாக்கும் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டிராட்னரும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை 1951-இல் வெளியிட்டனர். லித்தியம் உடலில் தங்குவதையும் வெளியேறுவதையும் டிராட்னர் குழு 1955-இல் விரிவாக விளக்கியது.

லித்தியம் கல்லீரலில் சிதைவதில்லை. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகமோ லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒன்றாகவே நடத்துகிறது. உடலில் சோடியமோ நீரோ குறைந்தால், இருப்பதைக் காத்துக்கொள்ளச் சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும். கூடவே லித்தியமும் உள்ளே வந்து சேரும். உப்பைக் குறைத்துக்கொண்ட நோயாளிகளுக்கு மாற்று உப்பு அத்தனை கொடிதானதற்கு இதுவே காரணம். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கடும் வெயிலில் வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை இன்றும் லித்திய அளவை ஏற்றிவிடுவதும் இதனால்தான்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் அருகே ரிஸ்கோவ் மருத்துவமனையில் மோகன்ஸ் ஷோ, 38 மேனியா நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 1954-இல் வெளியிட்டார். சிலருக்கு லித்தியமா வெற்று மாத்திரையா என்பது நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யப்பட்டது. சீர அளவும் அளக்கப்பட்டது. பின்னர் ஷோவும் பௌல் கிறிஸ்டியன் போஸ்ட்ரப்பும், நோய் திரும்பாமல் தடுக்கவும் லித்தியம் உதவும் என்பதை 88 பெண் நோயாளிகளின் நீண்டகாலப் பதிவுகளைக் கொண்டு 1967-இல் வாதிட்டனர். லண்டனில் பேரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும் அது வெறும் கட்டுக்கதை என்று மறுத்தனர். டேனிஷ் குழு 1970-இல் பதில் தந்தது. லித்தியத்தால் நலமாக இருந்த 84 பெண்களுள் 39 பேருக்கு வெற்று மாத்திரை தரப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் அவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தில் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அமெரிக்கா அதே ஆண்டில் மேனியாவுக்கும், 1974-இல் தொடர் சிகிச்சைக்கும் லித்தியத்தை அனுமதித்தது.

அளவு எடுக்கும் முறையையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் எடுத்த இரத்தம் அதிக அளவையும், வெகுநேரம் கழித்து எடுத்தது குறைந்த அளவையும் காட்டும். கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பது என்ற வழக்கத்தை டென்மார்க்கின் ஆம்டி ஆம்டிசன் நிலைநிறுத்தினார். இரவில் மாத்திரை, காலையில் மருந்துக்கு முன் பரிசோதனை என்ற இன்றைய நடைமுறை அங்கிருந்து வந்தது.

ஆண்டுக்கணக்கில் மருந்தைச் சாப்பிட்டவர்கள் பெருகியபோது புதிய கேள்விகள் எழுந்தன. சிலருக்குத் தைராய்டு வீங்குவதும் அதன் சுரப்பு குறைவதும் 1960-களின் இறுதியில் கவனிக்கப்பட்டன. 1977-இல் ஆர்ஹுஸில் வெளியான திசு ஆய்வு, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது. கருவிலுள்ள குழந்தையின் இதயக் குறைபாடு பற்றிய அச்சமும் எழுந்தது. பிற்கால ஆய்வுகள் அந்த அபாயம் முதலில் எண்ணியதைவிடக் குறைவு, மருந்தின் அளவைப் பொறுத்தது என்று காட்டின. தொடர் சிகிச்சையில் இரத்த அளவுக்கான இலக்கும் பலருக்கு 0.6 முதல் 0.8 வரை எனக் குறைக்கப்பட்டது.

இன்றைய கண்காணிப்பு முறை இந்த அனுபவங்களின் தொகுப்பு. மருந்தைத் தொடங்கும் முன்பே சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவை பார்க்கப்படும். தொடங்கியபின் அளவு நிலைப்படும் வரை வாரம் ஒருமுறையும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சீர லித்தியம் அளக்கப்படும். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடரும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், தயாசைடு வகை நீர்பிரிப்பு மாத்திரைகள், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் லித்திய அளவை ஏற்றும். கை அதிகமாக நடுங்குதல், வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல், குழப்பம் ஆகியவை நஞ்சேற்றத்தின் அறிகுறிகள். அளவு மிகுந்தால் டயாலிசிஸ் தேவைப்படும். 2009-இல் பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு, லித்தியம் எடுப்பவர் ஒவ்வொருவருக்கும் இரத்த அளவுகளைக் குறித்துவைக்கும் கையேடும் எச்சரிக்கை அட்டையும் வழங்கச் செய்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் லித்தியம் இடம்பெற்றுள்ளது. இரத்த அளவைப் பார்க்க வசதி இல்லாத இடத்தில் அதைத் தொடங்கக் கூடாது என்பதும் அந்நிறுவனத்தின் வழிகாட்டுதலே.