ஆறு கடந்து வந்தோர்

உத்தமபாளையத்தில் நான் ஆசிரியனாய் இருந்த நாளில், வீட்டில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசிய மாணவன் ஒருவனிடம், அவன் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என வினவினேன். அவன் அறியான், அவன் பாட்டியார் அறிந்திருந்தார். துங்கபத்திரைக் கரையிலிருந்து வந்தார்களாம்; வெள்ளம் மறித்தபோது புங்கமரம் வளைந்து பாலமாயிற்றாம்.

14-ஆம் நூற்றாண்டில் விசயநகர ஆட்சி மதுரை வரை பரவிற்று. 1529-ஐ ஒட்டி அங்கே நாயக்கர் ஆட்சி தோன்றிற்று. அக்காலந்தொட்டுக் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடிகள் பல கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறின. கம்பத்தில் தம்பிரான் மாடுகளைத் தெய்வமாகப் போற்றும் வழக்கம் இன்றும் உண்டு.

மரம் வளைந்தது கதை. மக்கள் வந்தது வரலாறு. இரண்டையும் பிரித்தறிய, முதலில் கதை நம் கையில் இருத்தல் வேண்டும். ஏட்டில் ஏறாத பேச்சு முதியோருடன் மறையும். இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.