லாரி முதுகும் கைபேசித் திரையும்

முத்தையாபுரத்துக்காரருக்கு நாளொன்றுக்கு இரண்டு வாசிப்பு உண்டு. மாலையில் திருச்செந்தூர் சாலையில் ஊர்ந்தபடியே லாரிகளின் முதுகை வாசிப்பது ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து, சாய்ந்து படுத்து, கைபேசியில் வந்து குவிந்ததை வாசிப்பது மற்றொன்று. முன்னதை எரிச்சல் கணக்கிலும் பின்னதைச் சிரிப்புக் கணக்கிலும் எழுதி வைத்திருக்கிறோம். பல மாதங்களாக இரண்டையும் கவனித்து வந்ததில், கணக்குப்பிள்ளை எங்கோ தவறு செய்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாலையில் தொடங்குவோம். முன்னால் போகும் டாரஸ் லாரியின் வலது இண்டிகேட்டர் மினுக்குகிறது. வலப்பக்கம் திரும்பப் போகிறாரா, ‘முந்திக்கொள்’ என்று வழிவிடுகிறாரா, ஸ்பிக் நகரில் போட்டதை அணைக்க மறந்துவிட்டாரா? மூன்றுக்கும் ஒரே விளக்குதான். எதிரே வரும் வண்டி ஹெட்லைட்டை ஒருமுறை மின்னவிட்டால் இங்கிலாந்தில் பெரும்பாலும் ‘நீ முதலில் போ’ என்று பொருள். நம் ஊரில் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்’ என்று பொருள். ஒரே ஒளிக்கு நேரெதிர் அகராதிகள்.

திரையிலும் இந்த மயக்கம் உண்டு. குடும்பக் குழுவில் ஒரு செய்தி போடுகிறோம். மாமா கட்டைவிரலை உயர்த்துகிறார்; பாராட்டிவிட்டார் என்று மகிழ்கிறோம். கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் அதே கட்டைவிரலை அனுப்பினால், பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். கூப்பிய கைகள் வணக்கமா, நன்றியா, ஆளைவிடு என்ற கும்பிடா என்பது அனுப்பியவரின் வயதைப் பொறுத்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கட்டைவிரலைத் தவறாகப் படித்தவருக்கு மனத்தாங்கல் வரும். இண்டிகேட்டரைத் தவறாகப் படித்தவருக்கு மருத்துவமனை.

அடுத்து ஒலி. முத்தையாபுரம் வழியே துறைமுகம் நோக்கிப் போகும் கனரக வண்டிகளும், இடையில் நுழையும் குட்டியானைகளும், அத்திமரப்பட்டி வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோக்களும் அடிக்கும் ஹாரனைக் கவனித்துக் கேட்டால் அதில் தகவல் என்று எதுவுமே இல்லை. விலகு என்றால் விலக இடமில்லை. நில் என்றால் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறோம். பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 முதலே தடுக்கின்றன. தேவையின்றி ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஒலிக்கக் கூடாது என்கிறது சட்டம். ‘ஒலி எழுப்பவும்’ என்று அழைக்கிறது லாரியின் முதுகு. மகாராஷ்டிர அரசு 2015இல் ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’ என்று லாரிகளில் எழுதுவதையே தடை செய்தது; கண்டவர் எல்லாரும் ஹாரன் அடிக்க அந்த வாசகமே அழைப்பாகிறது என்பது காரணம்.

அதே அளவுக்குத் தகவலற்ற ஒன்று திரையில் விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிடுகிறது. ரோஜாப்பூ, பனித்துளி, நடுவில் ‘இனிய காலை வணக்கம்’. இந்தியர்களின் கைபேசிகள் ஏன் இப்படி நிரம்பி வழிகின்றன என்று கூகுள் ஆராய்ந்தபோது அகப்பட்ட காரணங்களில் இந்த வணக்கப் படங்களும் ஒன்று. மூன்றில் ஒரு பயனரின் கைபேசியில் தினமும் இடம் தீர்ந்துபோகிறது என்று 2018 ஜனவரியில் செய்தி வந்தது. அமெரிக்காவில் அது பத்தில் ஒருவர். அந்தப் படங்களைத் தேடிக் கழிப்பதற்கென்றே தங்கள் கோப்புச் செயலியில் வசதி செய்து கொடுத்தார்கள். நெரிசல் என்ற சொல் சாலைக்கு மட்டும் சொந்தமில்லை.

ஹாரனும் காலை வணக்கமும் உறவுக்காரர்கள் என்பதை நான் உணர்ந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், நமக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. கோரம்பள்ளம் குளத்து வெள்ளம் முத்தையாபுரத்துக்குள் வந்தது. சாலை துண்டானது, மின்சாரம் போனது, கைபேசிச் சிக்னலும் போனது. ஹாரன் சத்தமே இல்லாத ஊரில் தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். சிக்னல் திரும்பியதும் முதலில் வந்து விழுந்தது ஆத்தூர்ச் சித்தப்பாவின் ரோஜாப்பூ. அவர் பத்திரமாக இருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. வழி திறந்துவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது. இரண்டும் சொல்ல வருவது ‘நான் இருக்கிறேன்’ என்ற ஒன்றைத்தான். அன்றாடம் அது தேவைப்படுவதில்லை என்பதுதான் தொல்லை. தேவைப்படாத நாளில் குழுவின் வாயைப் பொத்த ஒரு பொத்தான் இருக்கிறது. சாலைக்கு அப்படி ஒன்று இல்லை.

இனி, லாரி முதுகின் இலக்கியத்துக்கு வருவோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆட்டோவின் பின்னால் ‘பிரசவத்திற்கு இலவசம்’ என்று எழுதியிருந்தால் அதன் கீழே ஒரு பதிவு எண் இருக்கிறது. இந்த வாக்குறுதியைக் கொடுத்தவர் இன்ன வண்டிக்காரர். நள்ளிரவில் வலி எடுத்தால் போய்க் கேட்கலாம். அந்த முதுகு சொல்வதெல்லாம் சரியென்று நான் வாதிடவில்லை. ‘பெண்ணின் திருமண வயது 21’ என்று தமிழ்நாட்டு ஆட்டோக்கள் ஓடிய காலம் முழுக்கச் சட்டத்தின் வயது 18. அதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறாமலே காலாவதியும் ஆனது. சட்டத்தைவிட ஆட்டோ மூன்று வயது முன்னால் ஓடியது என்று சொல்லலாம். சரியோ தவறோ, சொன்னவருக்கு எண் உண்டு.

கைபேசியில் வரும் சிரிப்புத் துணுக்குக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பல கை மாறி வந்தது என்பதற்கு அடையாளமாக இரண்டு அம்புக்குறிகள் மட்டும் உண்டு. வதந்தியால் உயிர்கள் பறிபோன பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புக்குறிச் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. லாரிக்கு மணிக்கு 80 கி.மீ. என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தச் சொன்னதும் இதே மருத்துவம். எந்த லாரி என்று கண்டுபிடிக்கலாம், எந்தத் துணுக்கு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதே வேறுபாடு.

ஆனால் திரைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முத்துக்குளித்துறையில் பிறந்தவனுக்கு உவமை தேட வேண்டியதில்லை. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அந்தக் காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக, திறந்து பார்க்காமலே ஏலம் விட்டார்கள். வாங்கியவர் சிப்பி வாங்கவில்லை, அதிர்ஷ்டத்தை வாங்கினார். ஆயிரத்தில் முத்து இருக்கலாம், நாற்றம் மட்டுமே மிஞ்சலாம். இரவு பதினொன்றுக்கு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும் கட்டைவிரல் செய்வதும் அந்த ஏல வேலைதான். தொண்ணூறு சிப்பி வெற்று. தொண்ணூற்றொன்றாவதில் டி.வி.எஸ். ஐம்பதின் முன்பக்கம் அமர்ந்து பயணிக்கும் ஆடு, சிக்னல் சிவப்பானதும் தானே தலையைத் திருப்பி ஓட்டுநரைப் பார்க்கிறது. அன்றைய முத்து அது. அந்த வண்டி நேற்று மாலை என் முன்னால் போயிருந்தால் ‘இடத்தை அடைச்சுக்கிட்டு’ என்று முணுமுணுத்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள மிக நெருங்கிய ஒற்றுமை எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள் என்பது மட்டுமே கட்டளை. குறுக்கே மாடு இல்லை, பள்ளம் இல்லை, டீக்கடை இல்லை. சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் லேசாகத் தயங்க, பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகத் தயங்க, அதற்குப் பின்னால் வந்தவர் நின்றே போனார். நெரிசல் ஓர் அலையாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராக நகர்ந்தது. முத்தையாபுரத்தில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் நகரும்போது நாம் தேடும் அந்தக் குற்றவாளி பல நாள் பிறக்கவே இல்லை.

2019 மே மாதக் கடைசியில் திரையிலும் இப்படி ஓர் அலை எழுந்தது. கட்டடப் பொறியியல் பற்றிய ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று ஒரு தமிழர் பதில் எழுதினார். இன்னொருவர், அவர் இப்போது நலமா என்று கேட்டார். அவ்வளவுதான் தயக்கம். பின்னால் வந்தவர்கள் மருத்துவ அறிக்கை வெளியிட்டார்கள், அதற்குப் பின்னால் வந்தவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். புதிய மத்திய அரசு பதவியேற்கும் வேளையில், உலகளவில் ட்விட்டரில் பேசப்பட்டவர் நேசமணி. பதினெட்டு ஆண்டுப் பழைய சுத்தியல் அது. இங்கும் குற்றவாளி இல்லை. முதலில் தயங்கியவருக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது.

நெரிசலில் நிற்பவர்கள் சலிக்கிறார்கள், நேசமணிக்காகப் பிரார்த்தித்தவர்கள் குதூகலித்தார்கள். ஏன்? நெரிசலில் நம் பங்கு நமக்குத் தெரிவதில்லை. எல்லாரும் மற்றவரால் நின்றதாகவே நினைக்கிறோம். திரையலையில் நம் பங்கை நாமே பெருமையோடு கூட்டுகிறோம். லாரிக்காரர் ‘அவன்’, ஆட்டோடு வண்டி ஓட்டுபவர் ‘நம்ம ஆளு’. ஒருவேளை இருவரும் ஒரே மனிதராக இருக்கலாம்.

இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்ததையும் ஒரு நாள் பார்த்தேன். நம் துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கைகள் வரும். 80 மீட்டரைத் தாண்டும் நீளமும் உண்டு. அதைச் சுமக்கும் ட்ரெய்லரின் பின்சக்கரங்களைத் திருப்புவதற்கென்றே தனியாக ஆள் இருப்பார். துறைமுகச் சாலைத் திருப்பத்தில் அப்படி ஒன்று வளைந்துகொண்டிருந்தது. இருபுறமும் வண்டிகள் அடைத்து நின்றன. வழக்கமாக இந்நேரம் ஹாரன் காதைப் பிளக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. எல்லார் கையிலும் கைபேசி, எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

“எல, இது வளையுமாலே?” என்றார் டீக்கடை அண்ணாச்சி.

“வளைஞ்சிரும் அண்ணாச்சி, வால் மட்டும் உங்க கடைக்குள்ள வரும்” என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

இறக்கையின் நுனி கடையின் தகரக் கூரைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், ஓசையில்லாமல் ஊர்ந்து போனது. அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். இருபது நிமிடம் நின்றோம். யாரும் யாரையும் திட்டவில்லை. எரிச்சலுக்கும் வேடிக்கைக்கும் நடுவில் இருந்த சுவர் அங்கே இல்லாமல் போயிற்று. எடுக்க ஒரு படம் இருந்ததுதான் காரணமா, அந்த வெள்ளை இறக்கையின் அழகா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பைக்கை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் நானும் படம் எடுத்தேன். ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடிப்பதை ஆபத்தான ஓட்டுதல் என்று 2019 திருத்தம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

காணொளியை மச்சானுக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, இரட்டை அம்புக்குறியோடு, வேறொரு குழுவில் அது என்னிடமே திரும்பி வந்தது. கீழே, ‘சீனாவில் லாரி ஓட்டுநரின் அபாரத் திறமை, கடைசி வரை பாருங்கள்’ என்று எழுதியிருந்தது. கடைசி வரை பார்த்தேன். இடது ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நின்ற என் பைக்கின் எண் டிஎன் 69 என்றே தொடங்குகிறது.