முகிலும் முள்ளும்

1802ஆம் ஆண்டு டிசம்பரில், இலண்டன் மாநகரில் அறிவியல் ஆர்வலர் சிலர் கூடிய சிறு வட்டமொன்றில், லூக் ஹோவர்டு என்னும் மருந்து வணிகர் கட்டுரை படித்தார். நொடிக்கு நொடி உருமாறும் மேகங்களை வகைப்படுத்திப் பெயர் சூட்டிய கட்டுரை அது. திரண்டு மேலெழும் முகிலுக்குக் 'குவியல்' எனப் பொருள்படும் 'குமுலஸ்' என்ற இலத்தீன் சொல்லைத் தந்தார். செருமானியப் பெருங்கவிஞர் கதே அப்பெயர்களில் உள்ளம் பறிகொடுத்து, ஹோவர்டைப் போற்றிக் கவிதை யாத்தார்.

நிலத்தில் நின்று காண்போர்க்கு அழகாய்த் தோன்றிய அம்முகில், விமானம் பிறந்தபின் உயிர் குடிக்கும் பொறியாயிற்று. மேகத்துள் புகுந்ததும் தொடுவானம் மறைகிறது. விமானம் மெல்லச் சாய்ந்து திரும்புவதை உட்செவி உணர்வதில்லை. நேரே செல்வதாக விமானி நம்பியிருக்க, விமானமோ சுழன்றிறங்குகிறது. உயரம் குறைவதைக் கண்டு அவர் நெம்பைத் தம்பால் இழுக்க, சுழற்சி மேலும் இறுகுகிறது.

1926இல் அமெரிக்கப் படை விமானி வில்லியம் ஆக்கர், கண்ணை மூடிச் சுழல்நாற்காலியில் அமர்ந்து மருத்துவச் சோதனைக்கு உட்பட்டார். நாற்காலி வேகம் தணிந்தபோது, அது எதிர்த்திசையில் சுழல்வதாகக் கூறினார். தம் புலனே தம்மை ஏமாற்றியதை உணர்ந்த அவர், திருப்பங்காட்டும் கருவியைப் பெட்டியொன்றில் பொருத்தி, அதன் முள்ளை நோக்கி விடை பகர்ந்தார். இம்முறை பிழை நேரவில்லை.

1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கு அருகே மிட்செல் களத்தில், ஜிம்மி டூலிட்டில் மூடிய கூண்டினுள் இருந்தவாறே கருவிகளை மட்டும் நம்பி மேலெழுந்து, வலம்வந்து, தரையிறங்கினார். செயற்கைத் தொடுவானம், நுண்ணிய உயரமானி, வானொலி வழிகாட்டி ஆகியவையே அவருக்குக் கண்களாயின. எனினும், கருவி இருந்தால் மட்டும் போதாது. 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி பெறாத 20 பேரைச் சிறு விமானத்தில் வெளிப்பார்வையின்றிப் பறக்கச் செய்தது. அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர்; அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடிகளே.

பயின்றவர்க்கும் எல்லையுண்டு. 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஓஹையோவிலும் ஆய்வு விமானங்கள் இடிமேகங்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை புகுந்து வந்தன. வளரும் முகிலில் காற்று மேல்நோக்கிப் பாய்வதும், முதிர்ந்ததில் ஏற்றமும் இறக்கமும் அருகருகே மோதுவதும் அதனால் தெளிவாயின. அவை ஆய்வுக்கெனத் துணிந்த உறுதிவாய்ந்த போர் விமானங்கள். சிறு விமானத்திற்கோ, காலிபிளவர் போல் மேலெழும் முகிலைச் சுற்றிச் செல்வதே நெறி; கடுமையான இடிமேகமாயின் குறைந்தது 20 மைல் விலகல் வேண்டும். இறக்கையைச் சமமாய் வைத்திருக்க முள் உதவும். முகிலின் சீற்றத்தை அது தணிக்காது.

தன் புலனை ஐயுற்று முள்ளை நம்பக் கற்றது முதற் பாடம். முள்ளை நம்பியும் முகிலுக்கு வழிவிடக் கற்றது இரண்டாம் பாடம். இரண்டிற்கும் மனிதன் உயிர்களையே விலையாகத் தந்தான்.