தரங்கம்பாடியில் ஒரு சிறு நடை

தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊராதலின் தரங்கம்பாடி ஆயிற்று என்று பெயருக்குப் பொருள் கூறி மகிழ்வது நம் வழக்கம். ஆயின் கல்வெட்டு தரும் பெயர் வேறு. சடங்கன்பாடி என்றும், அந்நாளில் ஆண்ட பாண்டியனின் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் அது இவ்வூரைக் குறிக்கிறது. கடல் கடந்து வந்த ஐரோப்பியரோ தங்கள் நாவுக்கு ஏற்பத் திரிங்குபார் என்று அழைத்தனர். பெயர்கள் இத்தனை கண்ட ஊர் பரப்பளவில் மிகச் சிறியது. மேற்கே நிற்கும் நகர வாயிலிலிருந்து கிழக்கே கடற்கரை வரை அரை மைல் தொலைவுகூட இல்லை. அந்தச் சிறு தொலைவைத்தான் இன்று நாம் நடந்து கடக்கப் போகிறோம்.

மயிலாடுதுறையிலிருந்து வரும் சாலை, வெண்ணிறச் சுண்ணம் பூசிய ஒரு வாயிலினூடே ஊருக்குள் நுழைகிறது. வாயிலின் நெற்றியில் டென்மார்க்கு அரசரின் முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. இப்போது நாம் காணும் கட்டடம் 1792ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதற்கு முன்பும் இங்கே ஒரு வாயில் இருந்தது. ஊரைச் சுற்றி மதிலும் இருந்தது. அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு வியப்பான வரலாறு உண்டு.

1620ஆம் ஆண்டு தொடங்கிய டேனிய வாணிகம் விரைவிலேயே நலிவுற்றது. 1650இல் அதனை நடத்திய கம்பெனியே கலைக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மறைய, எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற ஒருவரே எஞ்சினார். அவர் உயர்குடிப் பிறப்பினரல்லர். எனினும் உள்ளூர் மக்களைத் துணையாகக் கொண்டு கோட்டையைக் காத்தார்; ஊருக்கு மதில் எழுப்பியவரும் அவரே. 1669இல் மீண்டும் ஒரு டேனியக் கப்பல் வந்து நின்றபோது, கோட்டையின்மேல் தம் நாட்டுக் கொடி பறப்பதைக் கண்டு மாலுமிகள் திகைத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

வாயிலைக் கடந்தால் அரசர் தெரு. அகலமான, அமைதியான தெரு. ஒன்றுக்கொன்று அண்மையில் இரண்டு தேவாலயங்கள் இத்தெருவில் உள்ளன. சீயோன் ஆலயம் 1701இல் டேனியக் குடியிருப்பினருக்காக அமைந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. அங்கே கூடியவர்களுள் தமிழ் மக்களும் இருந்தனர். பின்னதைக் கட்டியவர் செருமானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில், டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில், புளூட்சோ என்ற தோழருடன் அவர் இக்கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. தமிழ் அறியார். முதியவரான ஓர் ஆசிரியரையும் அவருடைய மாணவச் சிறுவர்களையும் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்பு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் 1708இல் வரைந்தார். அதே ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கினால் சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் டேனியக் கோட்டையிலேயே அடைபட்டிருந்தார். அவரை அனுப்பிய அரசரின் கொடிதான் அந்தக் கோட்டையின்மேல் பறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1712இல் இலண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. மறு ஆண்டில் செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாய் இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இவ்வூரிலேயே வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யவும் ஓர் ஆலை அமைத்தனர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் எழுத்து அச்சேறியது இதுவே முதன்முறை அன்று; 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிடப்பட்டது. ஆயினும் இடையில் நின்றுபோன தமிழ் அச்சுக்கலை மீண்டும் உயிர் பெற்றுத் தொடர்ந்து வளர்ந்ததற்குத் தரங்கம்பாடி ஒரு தலையாய காரணம். 1719இல், 36ஆம் வயதில், சீகன்பால்கு மறைந்தார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தெருவின் முடிவில் வெட்டவெளி விரிகிறது. முன்னாளில் படைவீரர் அணிவகுத்த திடல் அது. ஒருபுறம் 1784ஆம் ஆண்டுமுதல் ஆளுநர் வாழ்ந்த மாளிகை. எதிரே கடலை நோக்கியவாறு டேன்ஸ்பர்க் கோட்டை.

கோட்டை எழுந்த வரலாறும் ஒரு கப்பற்சேதத்தில் தொடங்குகிறது. டேனியர் அனுப்பிய முதல் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கேயர் தாக்கி அழித்தனர். அதன் தலைவர் ரோலண்டு கிராப்பே உயிர் தப்பித் தஞ்சை நாயக்கரின் அவையை அடைந்தார். பின்னர் வந்த கடற்படைத் தலைவர் ஓவே ஜெடே, 1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் இசைவு கிடைத்தது. அப்போது டென்மார்க்கு அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இரகுநாதர் பொன்னேட்டில் ஒரு மடல் அனுப்பினார். மடலின் வாசகம் தமிழ். அரசரின் கையொப்பம் தெலுங்கு. அது இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. சித்தூர் மாவட்டத்தில் குப்பம், சாந்திபுரம் பக்கத்துத் தமிழர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று வாழ்வது அவர்களுக்கு அன்றாட வழக்கமன்றோ! தஞ்சை அரசவையும் அவ்வாறே இரு மொழிகளையும் தன்னியல்பாகக் கையாண்டது.

225 ஆண்டுகள் சென்றன. 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். கோட்டை, மாளிகை, மதில் யாவும் விலைப்பத்திரத்தில் அடங்கின. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இவ்வூர் விளங்கியதும் உண்டு. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் வாணிகம் அங்கே திரும்பிற்று. இவ்வூருக்கும் 1926இல் ஒரு கிளைப்பாதை வந்தது. 1986இல் அதுவும் நின்றுபோயிற்று. கோட்டை இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கோட்டையிலிருந்து வடக்கே கரையோரமாகச் சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. நாம் முதலில் கூறிய பழம்பெயர்களை நமக்கு உரைப்பது இக்கோயிலின் கல்வெட்டே. டேனியர் கண்ணில் இக்கரை படுவதற்கு 300 ஆண்டுகள் முன்பே இங்கு ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

வந்த வழியை இங்கே நின்று எண்ணிப் பார்ப்போம். வாயில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி. ஆலயங்கள் அதன் தொடக்கம். கோட்டை 17ஆம் நூற்றாண்டு. கோயில் 14ஆம் நூற்றாண்டு. ஆளுநர் மாளிகை ஒன்றுதான் இவ்வரிசைக்குப் புறம்பாக நிற்கிறது. மற்றபடி, கடலை நோக்கி நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் காலத்தில் பின்னோக்கி வைக்கும் அடியாகிறது. ஊரின் மிகத் தொன்மையான சான்று அலைக்கு மிக அருகில் நிற்கிறது. கடலோ அந்த முனையிலிருந்துதான் ஊரைத் தின்று வருகிறது. கோயிலின் முன்பகுதி முன்னரே அலைக்கு இரையாயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரையில் கொட்டிய பாறைகளே இன்று கோயிலுக்கு அரணாக உள்ளன.

பாறைகள் அலையைத் தாங்கும். எத்தனை காலம் தாங்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. பொன்னேட்டு மடல் பத்திரமாக இருக்கிறது, பெட்டகத்தில் வைத்துக் காப்பார் இருந்தமையால். சீகன்பால்கு தொகுத்த பட்டியலும் நிலைத்தது, எழுதியதைப் படியெடுத்துப் போற்றுவார் இருந்தமையால். கல்லில் எழுதியதும் ஏட்டில் எழுதியதைப் போலவே படிப்பாரையும் படியெடுப்பாரையும் நம்பியே வாழ்கிறது. தரங்கம்பாடிக்குச் செல்வோர் கோட்டையைக் கண்டதோடு அமையாமல், அக்கோயில் வரையும் சென்று, அதன் எழுத்துகளின் முன் சிறிது நேரம் நிற்பார்களாக. தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வார்களாயின் இன்னும் நன்று.