உரிம எண்ணும் பொறுப்பும்: தமிழகப் பத்திர எழுத்தர் முறை குறித்து ஓர் ஆய்வு

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக் கிரையப் பத்திரம் ஒன்றின் சொத்து விவரத்தைப் படித்தால், கிணற்றில் பொதுவில் பாதி பாகம், மின்மோட்டாரில் பங்கு, முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் பாத்தியம், மாமூல் வண்டித்தடம் என்று வரிகள் நீளும். தண்ணீர்ப் பாத்தியம் இல்லாத தோப்பை யார் வாங்குவார்கள்? இவற்றில் ஒரு வரி விட்டுப்போனாலும் அண்ணன் தம்பிக்குள் வழக்கு முளைக்கும். அந்த வரிகளைப் பெரும்பாலும் எழுதுகிறவர் வக்கீல் அல்ல, பத்திர எழுத்தர். பத்திரத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண் எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதே நம் கேள்வி.

1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் வக்கீல், பிளீடர், முக்தியார், வருவாய் முகவர் என்று பல படிகளை ஏற்றிருந்தது. 1961இன் வழக்கறிஞர் சட்டம் அந்தப் படிகளை நீக்கி, வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பை நிலைநிறுத்தியது. ஆனால் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில விற்பனையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கட்டாயம் அப்படியே இருந்தது. எனவே எழுதுகிற ஆளின் தேவையும் குறையவில்லை. புல எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த கிராமக் கணக்குப்பிள்ளையின் பதவி 1980இல் ஒழிந்தது. 1982இல் தமிழ்நாடு பத்திர எழுத்தர் உரிம விதிகள் வந்தன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அரசு இந்தத் தொழிலுக்கு முகவரி கொடுத்த காலம் அது. நன்மை சிறிதல்ல. திண்ணையில் பெயரில்லாமல் எழுதியவர், தவறினால் உரிமம் இழக்கக்கூடியவரானார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விதிகள் எழுதும் கையைத்தான் கண்டன. மக்களோ அவரிடம் யோசனை கேட்கிறார்கள்: மகளுக்குக் கொடுப்பதைத் தானசெட்டில்மெண்டாக எழுதலாமா, உயில் போதுமா, வில்லங்கச் சான்றில் வந்த பழைய அடமானம் தீர்ந்ததா? சார்பதிவாளர் விற்பவரின் உரிமை மூலத்தை ஆராயும் அதிகாரி அல்லர். மூலப்பத்திரம் கேட்ட தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(i) செல்லாது என்ற 2025 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆக, வக்கீலிடம் போகாத குடும்பத்துக்கு மூலப்பத்திரத்தைப் படித்துச் சொல்ல எழுத்தரை விட்டால் ஆளில்லை.

அப்படியானால் வக்கீல்களிடமே விட்டுவிடலாமே என்பார்கள். சட்டப் பட்டம் இருப்பதாலேயே கிணற்றுப் பாகம் எழுத வந்துவிடாது, கட்டணமும் ஏறும். இணையத்தில் மாதிரிப் பத்திரம் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். வீட்டு மனைக்கு அது போதும், கூட்டுக் கிணற்றுக்கு மாதிரி கிடையாது. உரிமம் இறுகினால் ஆள் குறையும் என்ற அச்சம்தான் வலுவானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் வக்கீல் அல்லாதவர்களுக்கு 2012இல் தொடங்கிய வரையறுத்த சட்டத் தொழில் உரிமத்தில் மிகச் சிலரே சேர்ந்தார்கள். 2020இல் அந்த மாநிலம் அதை முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ 2007 முதல் வக்கீல் அல்லாத சட்ட உதவியாளர்களுக்குத் தேர்வு வைத்து, தொழில் எல்லை வகுத்து, பொறுப்புக் காப்பீட்டையும் கட்டாயமாக்கி உரிமம் தருகிறது, முறை நிலைத்துவிட்டது. நமக்குப் பொருந்துவது இந்த வழி. எந்த யோசனை வரை எழுத்தர் சொல்லலாம் என்பதை விதியிலேயே எழுதவேண்டும். பிழையால் நட்டப்பட்டவருக்கு ஈடு கிடைக்கவேண்டும். பத்திரத்தில் உரிம எண்ணுக்குப் பக்கத்தில் காப்பீட்டு எண்ணும் ஏறட்டும்.