கேரளத் தேவாலயச் சுவரோவியங்கள்

கேரளத் தேவாலயச் சுவரோவியங்கள் என்பவை, கேரளத்திலுள்ள பழைய சிரியக் கிறித்தவத் தேவாலயங்களின் சுவர்களில், அந்நாட்டுக் கோயில் ஓவிய மரபைத் தழுவி வரையப்பட்ட விவிலியக் காட்சிகள் ஆகும். அங்கமாலி, அகப்பறம்பு, கோட்டயம், சேப்பாடு, திருவல்லையை அடுத்த பாலியக்கர ஆகிய இடங்களில் உள்ளவை குறிப்பிடத்தக்கவை. கோயில் ஓவியர்களைப் போலவே, இவற்றை வரைந்தவர்களும் பெரும்பாலும் தம் பெயரை விட்டுச்செல்லவில்லை.

வரலாறு

தோமா கிறித்தவர்களின் தொன்மையான வழிபாட்டுச் சின்னம் சிலுவையே ஆகும். பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் சென்னைப் பரங்கிமலையிலும் இன்றும் உள்ளன. உருவப் படங்கள் இவர்களின் தேவாலயங்களில் அரிதாகவே இருந்தன. கோவா பேராயர் அலெய்சோ தெ மெனேசிசு 1599ஆம் ஆண்டில் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், பெரும்பாலான தேவாலயங்களில் படங்கள் இல்லாததை நெசுத்தோரியக் கொள்கையின் விளைவு எனக் குறைகூறி, அவற்றை வைக்குமாறு ஆணையிட்டது. படம் வைக்கச் சொன்ன அதே சங்கத்தின் ஆணையால்தான் சிரிய மொழி நூல்கள் பல தீக்கிரையாயின என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

1653ஆம் ஆண்டின் கூனன் குரிசு சத்தியத்தின்போது தோமா கிறித்தவர்களுள் பெரும்பகுதியினர் போர்த்துக்கேய இயேசு சபையினரின் அதிகாரத்தை மறுத்தனர். ஆயினும் ஓவியங்களை அவர்கள் கைவிடவில்லை. இன்று எஞ்சியுள்ள சிறந்த ஓவியங்கள் பல யாக்கோபிய, ஆர்த்தடாக்சு தேவாலயங்களிலேயே காணப்படுகின்றன. ஆகவே இவற்றைப் போர்த்துக்கேயக் கலை என்று மட்டும் கூறுவது பொருந்தாது.

ஓவியங்கள் உள்ள இடங்கள்

அங்கமாலி தூய மரியாள் யாக்கோபிய தேவாலயத்தில் நரகத்தையும் இறுதித் தீர்ப்பையும் காட்டும் மிகப் பெரிய ஓவியங்கள் உள்ளன. அகப்பறம்பு மார் சாபோர் அப்ரோத்து தேவாலயத்தில் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும் புதிய ஏற்பாட்டுக் காட்சிகளும் இடம்பெறுகின்றன. கோட்டயம் செறியபள்ளி 1579ஆம் ஆண்டில் தெக்கும்கூர் அரசரின் ஆதரவுடன் கட்டப்பட்டது. இங்கும் சேப்பாடு தூய ஜார்ஜ் ஆர்த்தடாக்சு தேவாலயத்திலும் ஓவியங்கள் பலிபீடப் பகுதியில் அமைந்துள்ளன. சேப்பாட்டில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ளன.

வரையும் முறை

இத்தாலியத் தேவாலயங்களின் பிரெசுகோ முறையில், ஈரமான சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டப்படும். சாந்து இறுகும்போது வண்ணமும் அதனுள் பிணைந்துவிடும். கேரள முறை இதற்கு நேர்மாறானது. முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சும், அதன்மேல் பஞ்சு சேர்த்து அரைத்த பூச்சும் இடப்படுகின்றன. பின்னர் இளநீர் கலந்த சுண்ணாம்பு இருபத்தைந்து முறைக்கு மேல் மெல்லியதாகப் பூசப்படுகிறது. சுவர் நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டுவர். செம்மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், விளக்குப் புகையிலிருந்து கருமையும், அவுரிச் சாயத்துடன் மஞ்சள் நிற மரப்பிசினைச் சேர்த்துப் பச்சையும் பெறப்பட்டன. வெண்மைக்குச் சுவரின் நிறமே போதும். வண்ணத்தைப் பிடித்துவைப்பது வேப்பம்பிசின்.

இதே முறையில் அமைந்த ஓவியங்களைக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்தளத்தில் காணலாம். தமிழ்நாட்டில் இருந்தாலும் இவ்வரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அங்கே திருமால், இங்கே இயேசு என்பதே பெரிய வேறுபாடு. சுவரும் சாந்தும் ஒன்றே.

சிதைவு

பிசினால் மட்டுமே பிடித்திருப்பதால் இவ்வோவியங்களுக்கு நீர் பெரும் பகையாகும். தூசு படிந்த சுவரை ஈரத் துணியால் துடைத்தாலே நிறம் கரைந்து வரக்கூடும். கூரைக் கசிவு ஒருபுறமிருக்க, நிலத்து ஈரம் சுவரின் நுண்துளைகள் வழியே மேலேறுவது அதைவிடத் தீங்கானது. அந்நீரில் கரைந்துள்ள உப்பு, நீர் ஆவியானதும் வண்ணப் படலத்தின் அடியில் படிகமாகி அதனை உடைத்துச் செதில் செதிலாக உதிரச் செய்கிறது.

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பழுதுபார்ப்புகளும் பெரிய அழிவைத் தருகின்றன. சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளிவிடக்கூடியது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஓவியம் உள்ள பக்கமாக வெளியேறுகிறது. மேலும், சிமெண்டு பிடிப்பதற்காகச் சுவரைக் கொத்திவிடுவதும் வழக்கம். மங்கிய உருவங்களின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டிப் புதுப்பித்தால் மூல ஓவியம் மறைந்துவிடும். வெறும் வெள்ளையடிப்பு இவற்றைவிடத் தாழ்வில்லை எனலாம். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது வெள்ளையடித்து மறைக்கப்பட்ட தேவாலய ஓவியங்கள் பல, பிற்காலத்தில் சுண்ணாம்பை நீக்கியபோது மீண்டும் வெளிப்பட்டன.

பாதுகாப்பு

1966ஆம் ஆண்டு நவம்பரில் புளோரன்சு நகரை வெள்ளம் சூழ்ந்தபின், அங்குள்ள பிரெசுகோக்கள் பல பசையும் துணியும் கொண்டு சுவரிலிருந்து உரித்தெடுத்துக் காக்கப்பட்டன. நீர்ப்பசை பட்டாலே நெகிழும் கேரள ஓவியங்களுக்கு அம்முறையை அப்படியே கையாள இயலாது. முதலில் ஈரம் வரும் வழியை அடைத்தல், உட்புறம் விலகிய பூச்சினுள் சுண்ணச் சாந்தை ஊசியால் செலுத்துதல், உதிரும் படலத்தை ஒட்டுதல், உலர்ந்த தூரிகையால் தூசு நீக்குதல் ஆகியவையே ஏற்ற வழிகளாகும். அழிந்த பகுதியைக் கற்பனையால் நிரப்பாமல், பிற்காலத்தில் நீக்கக்கூடிய வண்ணத்தால் மெலிதாக நிறமூட்டுவதே இன்றைய பாதுகாப்பியலின் நெறி ஆகும்.

இத்தேவாலயங்களில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. மக்கள்தொகை பெருகும்போது கட்டடத்தை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. ஆனால் பழைய பலிபீடச் சுவரை இடித்தால் ஓவியமும் உடன் போய்விடும். 1958ஆம் ஆண்டின் தொல்நினைவுச்சின்னங்கள் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட கட்டடங்களுக்கே பாதுகாப்பு அளிக்கிறது. ஏனையவற்றில் முடிவு பெரும்பாலும் பங்கு மக்களின் கையிலேயே உள்ளது. சேப்பாட்டில் ஆபத்து வெளியிலிருந்து வந்தது. தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும் திட்டம் தேவாலயத்தை நெருங்கியபோது, பலிபீடச் சுவரைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் அவ்வூர்ப் பங்கு மக்களும் இருந்தனர்.